முப்பது விநாடிப் பாட்டில் இரண்டு விநாடி ஆபத்து

ஆடி மாத இரவில் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளைத் தாண்டி மைக் சத்தம் வந்தால், எங்கோ கபடி நடக்கிறது என்று அர்த்தம். 2022 ஜூலையில் பண்ருட்டியை அடுத்த மானடிக்குப்பத்தில் நடந்த அப்படியொரு போட்டியில், காடாம்புலியூர் அருகேயுள்ள கிராமத்தைச் சேர்ந்த 22 வயது இளைஞர் பாடிப் போனார். எதிரணி மடக்கியது. எழப் பார்த்தவர் சாய்ந்தார், உயிர் போய்விட்டது. அந்த வீடியோ தமிழ்நாட்டில் எல்லாருடைய செல்போனுக்கும் வந்தது.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஜனவரி 2, அமெரிக்காவின் சின்சினாட்டி. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தில் எதிரணி வீரரை மறித்த டாமர் ஹாம்லின் என்ற 24 வயது வீரர் எழுந்து நின்றார், அடுத்த நொடி மல்லாந்து விழுந்தார்.  

அவருக்கு நேர்ந்ததை மருத்துவர்கள் 'கமோஷியோ கார்டிஸ்' என்றார்கள். இதயத்தில் அடைப்பு இல்லை, ஓட்டை இல்லை, விலா எலும்புகூட முறிய வேண்டியதில்லை. நெஞ்சில், இதயத்துக்கு நேர் மேலே, தவறான கணத்தில் ஓர் அடி விழுந்தால் போதும். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்காக மின்சாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. அந்த வேலை நடக்கும்போது சுமார் 20 மில்லி விநாடி அது காவலின்றி நிற்கிறது. 1998இல் ஆய்வாளர் மார்க் லிங்க் குழுவினர் இளம் பன்றிகளுக்கு மயக்கமருந்து கொடுத்து, அந்த இடைவெளியைக் குறிவைத்து மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் அடித்தார்கள். 10 அடியில் 9 முறை இதயம் துடிப்பதை விட்டுவிட்டு வெறுமனே நடுங்கத் தொடங்கியது. நடுங்கும் இதயம் ரத்தத்தைத் தள்ளாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கபடியில் ஒரு பாட்டுக்கு 30 விநாடி. பாடிப் போகிறவரின் இதயம் நிமிடத்துக்கு 180 முறை அடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பாட்டில் 90 துடிப்பு. ஆபத்தான நேரம் மொத்தம் இரண்டு விநாடிகூடத் தேறாது. அதனால்தான் ஆயிரம் முழங்கால் இடி பட்டும் பிள்ளைகள் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

ஹாம்லின் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. விழுந்த சிறிது நேரத்திலேயே வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் உதவியாளர் டென்னி கெல்லிங்டன் அவர் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார். மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே ஆண்டிலேயே அவர் மறுபடி களமிறங்கினார். நெஞ்சை அழுத்தாமல் விட்டால், நடுங்கும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது.

நம் ஊரில் ஆள் விழுந்தால் "மயக்கம்தான், தண்ணி தெளி" என்பார்கள். சோடா வரும், கூட்டம் சூழ்ந்துகொள்ளும். விழுந்தவர் விட்டுவிட்டு வாயைத் திறந்து இழுப்பதைப் பார்த்து, மூச்சு இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். அது மூச்சல்ல.

விழாக்குழுக்காரர்களே, கோப்பைக்கும் ஃபோகஸ் லைட்டுக்கும் வசூலிக்கிறீர்கள். அடுத்த நோட்டீஸ் அடிப்பதற்கு முன், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்தத் தெரிந்த இரண்டு பேரையாவது தயார்செய்யுங்கள். நாலைந்து ஊர் சேர்ந்து ஓர் ஏ.இ.டி. வாங்கிவிடலாம். 108க்கு ஒருவர் போன் போடட்டும். அது வந்து சேரும்வரை அழுத்துகிற கை நிற்கக் கூடாது.