தனியே மலைநடை செல்ல விரும்புவோருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும்

எங்கள் புறநோயாளர் பிரிவில் ஆண்டுதோறும் சிலர் ஒரே வகையான கேள்வியைக் கேட்கின்றனர். சர்க்கரை அளவைக் காட்டி, மருந்துச் சீட்டைப் பெற்றுக்கொண்டு எழும் நேரத்தில், "அக்டோபரில் இமயமலையில் இரண்டு வாரம் தனியாக நடந்துவரலாம் என்றிருக்கிறேன், டாக்டர், போகலாமா?" என்பர். உடன் வந்த மனைவியோ மகனோ, மருத்துவர் 'கூடாது' என்று சொல்லிவிடமாட்டாரா என்னும் ஏக்கத்துடன் எங்களை நோக்குவர். கேட்பவர்களுள் பெரும்பாலோர் ஐம்பதைக் கடந்தவர்கள். பல ஆண்டுகள் பத்தியமும் மாத்திரையுமாக வாழ்ந்தவர்கள். ஒருமுறையேனும் தம் விருப்பப்படி நடந்து பார்க்கவேண்டும் என்னும் அவர்களின் ஆசையை நாங்கள் சிறுபிள்ளைத்தனமாகக் கருதுவதில்லை. நோய் கட்டுக்குள் இருக்குமாயின் அவர்களுள் பலரும் போய்வரலாம். ஆனால் தனியே செல்பவரின் திட்டத்தில் வழக்கமாக விடுபட்டுப்போகும் ஒன்று உண்டு. அதைப் பற்றியே இங்குக் கூடுதலாகப் பேச விழைகிறோம்.

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தவர் பலர் இப்பாதையை நாடுவதற்குக் காரணம் இருக்கிறது. வைணவர்களின் 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருச்சாளக்கிராமம் எனப் போற்றப்படும் முக்திநாத், இப்பாதையின் மறுபுறத்தில் உள்ளது. ஏறத்தாழ 800 மீட்டர் உயரத்திலுள்ள பேசிசகரில் தொடங்கி, மர்சியாங்தி ஆற்றை ஒட்டி ஏறி, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடந்து, முக்திநாத்தில் இறங்கவேண்டும். வழியிலுள்ள சாமே என்னும் ஊரே ஏறக்குறைய நம் தொட்டபெட்டா சிகரத்தின் உயரம். நமக்கு மலை முடியும் இடத்தில்தான் அங்கே மலை தொடங்குகிறது.

மேலே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தோரோங் கணவாயில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறையும். உடல் இதற்குப் பழகிக்கொள்ளும். ஆனால் அதற்கு நாள்கள் வேண்டும். உடல்வலிமை அந்த நாள்களைக் குறைத்துத் தருவதில்லை. வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் இளைப்பாறாமல் ஏறியவர் என்பது கால்களுக்கும் இதயத்துக்கும் நல்ல சான்று; 4,000 மீட்டரில் தலைவலி வராது என்பதற்கு அது சான்றாகாது. மாரத்தான் ஓடும் இளைஞர் படுத்துவிட, மெல்ல நடக்கும் முதியவர் நலமாகக் கடந்துசெல்வது மலையில் புதுமையன்று.

ஆகவே திட்டத்தின் முதுகெலும்பு, எந்த இரவு எந்த உயரத்தில் உறங்குவது என்பதே. 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்கவேண்டும். சாமே, மேல் பிசாங், பிறகு 3,500 மீட்டரைத் தாண்டிய மனாங் என்று போனால், மனாங்கில் மூன்று இரவுகளாவது தங்குமாறு எங்கள் நோயாளர்களிடம் சொல்கிறோம். பகலில் உயரே நடந்துவிட்டு இரவில் கீழே வந்து உறங்கலாம். அதன்பின் யாக் கார்க்கா, தோரோங் பேதி, கணவாய். பேதிக்கு மேலேயுள்ள உயர்முகாமில் உறங்கினால் மறுநாள் ஏற்றம் குறையும் என்று சிலர் ஆசைகாட்டுவர். 4,800 மீட்டருக்கு மேல் கழிக்கும் அந்த இரவில் உறக்கமும் வராது, பசியும் இராது. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. இப்போது மனாங் வரை ஜீப் பாதை வந்துவிட்டது. நாள்களை மிச்சப்படுத்த எண்ணி நேரே மனாங் போய் இறங்குவது, பயணத்தைத் தொடங்கும்போதே கெடுத்துக்கொள்வதாகும்.

இனி, விடுபட்டுப்போகும் அந்த ஒன்று. உயர்மலை நோய் முதலில் தலைவலி, குமட்டல், களைப்பு, தலைசுற்றல் எனத் தோன்றும். அந்நிலையில் மேலே ஏறாமல் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். பொருட்படுத்தாமல் ஏறினால் மூளையில் நீர் கோக்கலாம். நுரையீரலில் நீர் கோக்கலாம். இரண்டும் உயிரைப் பறிக்கக் கூடியவை. மூளை வீக்கத்தின் கொடுமை, அது நோயாளரின் தெளிவையே முதலில் குலைப்பது. தள்ளாடுபவர் தாம் நேராக நடப்பதாகவே நம்புவார். "ஒன்றுமில்லை, சற்றுத் தூங்கினால் சரியாகிவிடும்" என்பார். படுத்தவர் எழாமலும் போகலாம். குழுவில் செல்பவரின் தடுமாற்றத்தை அருகில் இருப்பவர் காண்பர். தனியே செல்பவரைக் காண்பவர் யார்?

இதற்காகவே, புறப்படுமுன் ஒரு தாளில் சிலவற்றை எழுதிக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். தெளிந்த மதியுடன் சமவெளியில் எடுத்த முடிவு, மதி கலங்கும் உயரத்தில் உதவவேண்டும். தலைவலி இருக்கும்வரை உறங்கும் உயரத்தைக் கூட்டமாட்டேன். ஓய்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நடை தள்ளாடினால், இரவென்றும் பாராமல் கீழிறங்குவேன். குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டவைத்து ஒரு நேர்கோட்டில் பத்தடி நடக்க இயலாவிட்டால், என் பேச்சைக் கேளாமல் என்னை இறக்கிவிடுங்கள். இந்தக் கடைசி வரிதான் முக்கியம். தாளின் ஒரு படி வழிகாட்டியிடமும் மற்றொன்று வீட்டிலும் இருக்கவேண்டும்.

வழிகாட்டி எதற்கு, தனியாகத்தானே போகிறோம் என்று கேட்கலாம். வெளிநாட்டு மலைநடையாளர்கள் 2023 ஏப்ரல் 1 முதல் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்லவேண்டும் என நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. விதிக்காக அன்றி, உங்கள் நடையைப் பார்க்க ஒரு சோடிக் கண்கள் வேண்டும் என்பதற்காகவே நாங்கள் அதை வரவேற்கிறோம். தனிப்பயணத்தின் பெரும் நன்மை இதனால் குறைந்துவிடுவதில்லை. குழுவில் இருப்பவர், பத்துப் பேரின் திட்டம் தம்மால் கெடுமே எனத் தலைவலியை மறைப்பார். தனியே செல்பவர் இன்னொரு நாள் தங்க எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை. மனாங்கில் இமயமலை மீட்புச் சங்கத்தின் சிறு மருத்துவமனை வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் இயங்குகிறது. பிற்பகலில் அங்கு உயர்மலை நோய் குறித்து மருத்துவர்கள் உரையாற்றுவது வழக்கம். ஓய்வு நாளில் சென்று கேளுங்கள்.

யார் போகலாகாது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், சிறு வேலைக்கே மார்பு வலிப்பவர்கள், கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உடையவர்கள், நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் மிகுந்தவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் இந்த உயரத்தைத் தவிர்க்கவேண்டும். ஸ்டென்ட் பொருத்தியவர்கள் குறைந்தது ஆறு மாதம் பொறுத்து, டிரெட்மில் சோதனைக்குப் பின் இதயநோய் மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம்.

நீரிழிவு உள்ளோர் மூன்று மாதங்களுக்கு முன்பே எங்களிடம் வருவது நல்லது. விழித்திரையில் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்திருக்கின்றனவா எனக் கண் மருத்துவர் பார்த்தாகவேண்டும். உயரத்தில் அங்கு இரத்தம் கசியலாம். பாதங்களில் உணர்வு மங்கியவர் கொப்புளம் வந்தாலும் அறியார். வீட்டில் என்றால் மனைவி பார்த்துச் சொல்வார். மலையில் உள்ளங்கால்களைப் பார்க்க ஒரு சிறு கண்ணாடியைப் பையில் வையுங்கள். புதுக் காலணியை மலையில் பழக்கலாகாது. நாள் முழுதும் நடப்பதால் சர்க்கரை தாழும். இன்சுலின் அளவைக் குறைக்க நேரிடும். உறைந்துபோன இன்சுலின் உருகினாலும் பயன்படாது. ஆகவே பகலில் உள்சட்டைப் பையிலும் இரவில் உறங்கும் பைக்குள்ளும் உடற்சூட்டில் அது இருக்கட்டும். சர்க்கரைமானியும் அவ்வாறே, குளிரில் அது பிழையாகக் காட்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளை உட்கொள்வோர் கட்டாயம் கேட்டுச் செல்லுங்கள். பசியின்றி, நீர் வற்றிய உடலில், சர்க்கரை பெரிதாக ஏறாமலே இவை இரத்தத்தில் அமிலத்தைப் பெருக்கக்கூடும்.

இரத்த அழுத்தம் உயரத்தின் முதல் நாள்களில் சற்று ஏறுவது இயல்பு. அதற்காக மாத்திரையைத் தாமாகக் கூட்டவோ, நடைதான் இருக்கிறதே என நிறுத்தவோ வேண்டாம். உயர்மலை நோயைத் தடுக்க அசிட்டசோலமைடு என்னும் மாத்திரை உண்டு. சல்ஃபா ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லவேண்டும். விரல்நுனிகள் மரத்ததுபோல் குறுகுறுக்கும்; சிறுநீர் அடிக்கடி கழியும். ஊரிலேயே ஓரிரு நாள் எடுத்துப் பார்த்துவிடுவது மேல். தூக்க மாத்திரையும் மதுவும் மூச்சைத் தளர்த்தும். இரண்டையும் ஊரில் விட்டுச் செல்லுங்கள்.

கொரோனாவுக்குப் பின் பல வீடுகளில் ஆக்சிமீட்டர் இருக்கிறது. அதனால் நேரும் தொல்லையும் உண்டு. மனாங்கில் நலமாக இருப்பவருக்கும் அது 90-க்குக் கீழே காட்டலாம். விரல் குளிர்ந்திருந்தால் இன்னும் தாழும். அந்த எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி வீட்டார் பதறுவதில் பயனில்லை. "தலைவலி இருக்கிறதா? சாப்பிட்டீர்களா? நேற்று எங்கே உறங்கினீர்கள்?" என்று கேளுங்கள். எந்த ஊர்களிலிருந்து அழைப்பு வரும் என்பதை முன்பே பேசிவையுங்கள். இடையில் ஒரு நாள் அலைபேசி பேசாவிட்டால் அது ஆபத்தின் அறிகுறியாகாது. "இவ்வளவு செலவழித்துப் போய் முக்திநாத்தைப் பார்க்காமல் திரும்புவதா?" என்று மட்டும் எவரும் கேட்டுவிடவேண்டாம்.

திரும்பும் பயணச்சீட்டைக் கணவாய் நாளை ஒட்டிப் பதிவு செய்யாதீர்கள். மூன்று நாளாவது உபரியாக இருக்கட்டும். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம், இரண்டு நாள் கழித்துத் தோரோங் வட்டாரத்தில் பெரும் பனிப்புயலாகி நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. நடைக்கு மிகச் சிறந்த மாதம் என்று பெயர்பெற்ற மாதம் அது. ஹெலிகாப்டர் மீட்பு உங்கள் காப்பீட்டில் அடங்குமா, எந்த உயரம் வரை அடங்கும் என்பதையும் படித்துப் பாருங்கள். மோசமான வானிலையில் ஹெலிகாப்டரும் வராது.

கணவாயிலிருந்து முக்திநாத்துக்கு ஒரே நாளில் ஏறத்தாழ 1,700 மீட்டர் இறக்கம். முழங்கால் தேய்மானம் உள்ளோர்க்கு இரு ஊன்றுகோல்கள் இல்லாமல் அது இயலாது. அங்கே வந்து காத்திருந்து வரவேற்க விரும்பும் குடும்பத்தாருக்கும் ஒரு சொல். பத்து நாள் நடந்து வருபவரின் உடல் உயரத்துக்குப் பழகியிருக்கும். உங்கள் உடல் பழகியிராது. போக்ராவிலிருந்து விமானத்தில் ஜோம்சோம் வந்து, அன்றே ஜீப்பில் 3,700 மீட்டர் ஏறி, கோயிலின் 108 தாரைகளிலும் பனிநீரில் நனைவோருக்குத் தலைவலியும் மூச்சுத்திணறலும் வருவதில் வியப்பில்லை. அன்று நோயாளர் நீங்களாக இருக்கக்கூடும். ஜோம்சோமிலோ மார்பாவிலோ இரண்டு இரவு தங்கிவிட்டு மேலே வாருங்கள். இதயநோய் உள்ளவர்கள் தாரையில் நனையாமல் நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளலாம்.