எட்டாயிரம் பிராங்க் காசோலை

பிரான்ஸில் லுவார் ஆற்றங்கரையில் சோமூர் என்றொரு சிறுநகரம். அங்கே இருண்டு கிடக்கும் ஒரு பழைய வீடு. ரொட்டியையும் சர்க்கரைக் கட்டியையும் வீட்டுத் தலைவரே எண்ணிக் கொடுப்பார். என்ன குளிர் அடித்தாலும் நவம்பர் 1-க்கு முன் கணப்பில் தீ மூட்டக் கூடாது; மார்ச் 31-க்குப் பிறகும் கூடாது. அவர்தான் ஊரிலேயே பெரிய பணக்காரர்.

பால்சாக் 1833-இல் எழுதிய ‘யூஜெனி கிராந்தே’ நாவலின் வீடு அது. கிராந்தே பீப்பாய் செய்து பிழைத்தவர். புரட்சிக் காலத்தில் தேவாலயச் சொத்துகள் பறிமுதலாகி விற்பனைக்கு வந்தபோது, திராட்சைத் தோட்டங்களை அடிமாட்டு விலைக்கு வளைத்துப்போட்டார். பேரம் பேசும்போது திக்குவாய்போல நடிப்பார். பொறுமையிழந்த எதிராளி, அவர் சொல்ல வந்ததைத் தானே சொல்லி மாட்டிக்கொள்வான்.

ஒரே மகள் யூஜெனி. 1819 நவம்பரில் அவளுடைய 23-ஆம் பிறந்தநாள் இரவில் பாரீஸிலிருந்து ஷார்ல் வருகிறான். சித்தப்பா மகன். நம் முறைப்படி தம்பி. அவர்கள் வழக்கில் மணந்துகொள்ளலாம். மறுநாளே, கடனில் மூழ்கிய அவன் தந்தை தற்கொலை செய்துகொண்ட செய்தி தெரிகிறது. கிராந்தே எடுத்து வைத்துவிட்ட சர்க்கரைத் தட்டை யூஜெனி மறுபடி கொண்டுவந்து, அவர் முகத்தைப் பார்த்தபடியே ஷார்லின் முன் வைக்கிறாள். காதலை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? தந்தை ஆண்டுதோறும் தந்த பொற்காசுகளையும் அவனுக்கே கொடுத்துவிடுகிறாள். சுமார் 6,000 பிராங்க் மதிப்பு. கன்னி ராசி பொறித்த முகலாயப் பொற்காசுகளும் அவற்றில் உண்டு.

புத்தாண்டன்று காசுகளைக் காட்டச் சொல்கிறார் தந்தை. காட்ட அவளிடம் காசு இல்லை. ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்து மகளை அறையில் அடைக்கிறார். அந்தத் துயரத்தில் தாய் படுக்கையில் விழுகிறாள். அப்போதுதான் நோட்டரி எச்சரிக்கிறார்: தாய் இறந்தால் அவள் பங்கு சட்டப்படி மகளுக்கு, பாகம் பிரிக்க நேரும். உடனே கிராந்தே மகளைக் கொஞ்சத் தொடங்குகிறார். தாய் இறந்த கையோடு, அவள் பங்கைத் தனக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை மகளிடம் நீட்டுகிறார். அவள் மறுபேச்சின்றிக் கையெழுத்திடுகிறாள். நாவலில் என்னை அதிகம் நடுங்க வைத்த பக்கங்கள் இவை.

யூஜெனியின் காசுகளோடு கடல் கடந்து போய், அடிமை வியாபாரம் உட்பட எல்லாம் செய்து பணம் சேர்த்த ஷார்ல், 1827-இல் பிரான்ஸ் திரும்புகிறான். யூஜெனிக்கு வந்தது ஒரு கடிதம். பிரபு குடும்பப் பெண்ணை மணக்கப் போகிறானாம். கூடவே 8,000 பிராங்குக்கு ஒரு காசோலை, அசலும் வட்டியுமாக. அவள் மனதில் அது கடனே அல்ல. ஏழு ஆண்டுக் காத்திருப்பை அவன் கடன் கணக்கில் எழுதி நேர் செய்துவிட்டான். கிராந்தேயின் கஞ்சத்தனத்தைவிட இந்த நேர்மை கொடியது என்பேன்.

தந்தையின் மறைவுக்குப் பின் அவர் சொத்துக்கெல்லாம் உரியவளான அவளோ, ஷார்லின் தந்தை விட்டுப்போன கடன் முழுவதையும் தீர்த்து, அவன் திருமணம் தடைபடாமல் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு ஒரு கோடியே எழுபது லட்சம் பிராங்க் சொத்து இருந்தது என்பது அதன் பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது. அவளும் ஒருவரைப் பெயருக்கு மணந்து 33 வயதில் விதவையாகிறாள். அவர் சொத்தும் அவளுக்கே வந்து சேர்கிறது.

தன் செல்வத்தை முதியோர் இல்லத்துக்கும் பள்ளிக்கும் நூலகத்துக்கும் கொடுக்கிறாள். ஆனால் அதே இருண்ட வீட்டில்தான் வாழ்கிறாள். தந்தை அனுமதித்த நாள்களில் மட்டுமே தன் அறையில் தீ மூட்டிக்கொள்கிறாள்.