தவணைக்கு எடுத்த கணினி இருக்கும் இடத்தைச் சொல்வது எப்படி?

தவணைக்கு எடுத்த மடிக்கணினி, கடைசித் தவணை கட்டி முடியும்வரை கொடுத்தவருக்கே சொந்தம். மலேசியாவில் ‘சேவா பெலி’ என்று வழங்கும் இந்த முறை 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டத்துக்கு உட்பட்டது. தன் பொருள் எங்கே இருக்கிறது என்று உரிமையாளர் தெரிந்துகொள்ள நினைப்பது இயல்பு. ஆனால் பொருளைப் பின்தொடரும் மென்பொருள், அதை வைத்திருக்கும் குடும்பத்தையும் பின்தொடர்கிறது.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதை அமெரிக்காவில் 2012இல் வெளிவந்த வழக்கு காட்டியது. டிசைனர்வேர் என்ற நிறுவனத்தின் மென்பொருள், வாடகைக் கடைகள் வழியாக உலகெங்கும் சுமார் 420,000 கணினிகளில் இருந்தது. அதன் துப்பறியும் வசதியை முடுக்கினால் விசைப்பலகையில் தட்டிய கடவுச்சொற்கள் பதிவாகும். கேமரா வீட்டுக்குள் நடப்பதைப் படம் பிடிக்கும். மென்பொருளைப் பதிவு செய்யச் சொல்வது போல ஒரு போலிப் பெட்டி திரையில் வரும். அதில் நிரப்பும் பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் கடைக்குப் போய்விடும். அப்பட்டமான ஏமாற்று இது. அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம் தலையிட்டு இதற்குத் தடை விதித்தது.

பெரும்பாலான மடிக்கணினிகளில் ஜிபிஎஸ் இல்லை. அவற்றின் இடத்தைச் சொல்வது வைஃபைதான். ஒவ்வொரு வைஃபை மோடமும் நொடிக்குப் பத்து முறை அளவில் தன் அடையாள எண்ணை ஒலிபரப்புகிறது. அதைக் கேட்கக் கணினிக்குக் கடவுச்சொல் வேண்டாம். எந்த எண் எந்த இடத்தில் ஒலிக்கிறது என்ற பட்டியலைப் பெரிய நிறுவனங்கள் தொகுத்து வைத்துள்ளன. காதில் விழும் எண்களை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டால் இடம் தெரிந்துவிடும்.

அப்படித் தெரியவரும் இடத்தைச் சுற்றிக் கோல சிலாங்கூர் பட்டணத்தில் ஐம்பது மீட்டர் வட்டம் போட்டால் அதற்குள் கடைகளும் மாடி வீடுகளும் வருவோர் போவோருமாகப் பலர் அடங்குவார்கள். பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக்கு நடுவே நிற்கும் தோட்ட லயத்தில் அதே வட்டம் போட்டால் ஒரே வரிசை வீடுகள்தான் சிக்கும். அங்கே ஒரு மோடம் பட்டியலில் இருந்தாலே போதும், எந்தக் குடும்பம் என்று அதிகம் விசாரிக்கத் தேவையில்லை. வைஃபையே இல்லாத இடத்தில், கைப்பேசி இணைப்புள்ள கணினியானால், தொலைபேசிக் கோபுரத்தை வைத்துக் கணிக்க வேண்டும். அந்தக் கணக்கு கிலோமீட்டர் அளவில் தவறலாம்.

தவணைக் கைப்பேசிகளில் இன்னொரு வசதியும் உண்டு: பணம் கட்டத் தவறினால் திரையைத் தூரத்திலிருந்தே பூட்டலாம். வாடகைக் கொள்முதல் சட்டமோ, பொருளைத் திரும்ப எடுக்க 21 நாள் முன்னறிவிப்பு கேட்கிறது. ரொக்க விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற ஆணையும் வேண்டும். சட்டம் தரும் இந்த அவகாசத்தைப் பூட்டு ஒரு நொடியில் பறித்துவிடுகிறது. சம்பளத் தகவலும் பள்ளிச் செய்தியும் வரும் கைப்பேசி அது.

இருப்பிடத் தகவலைக் காக்க மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. என்ன தகவல், எதற்காகத் திரட்டப்படுகிறது என்று வணிகர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வாடிக்கையாளர் தன் தரவைக் கேட்டுப் பெறலாம், கொடுத்த சம்மதத்தை எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். அந்த அறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தோட்டத்து மக்களுக்குக் கடையில் பேசும் மலாய் தண்ணீர்பட்ட பாடு. ஒப்பந்தத்தின் பொடி எழுத்து மலாய் அப்படியல்ல. கூடவே தமிழில் ஒரு பக்கம் சேர்க்கச் சட்டம் எந்தத் தடையும் போடவில்லை.