வீட்டிலேயே ஒலிப்பதிவு: பாட்டுக்கும் கிட்டாருக்கும் ஏற்ற சாதனங்கள்

மிருதங்க வித்துவான் பாலக்காடு மணி ஐயர் (1912–1981) மைக் வைத்த கச்சேரிகளில் வாசிக்க ஒரு காலத்தில் மறுத்து வந்தார். வாத்தியத்தின் இயல்பான நாதத்தை அச்சாதனம் மாற்றிவிடுகிறது என்பது அவர் கருத்து. ஒலிப்பதிவுச் சாதனம் வாங்க முற்படுவோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நலம். செவியும் மூளையும் கூடி, வேண்டாத ஒலியை ஒதுக்கி வேண்டியதைக் கேட்கின்றன. மைக்கிற்கு இத்திறமை இல்லை. தன்னை வந்தடையும் ஒலி அனைத்தையும் அது ஏற்றுக்கொள்கிறது.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளில் இவ்வுண்மை தனி முக்கியத்துவம் பெறுகிறது. அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடியினரும், தேவிகுளம், மறையூர், வட்டவடைப் பிரதேசங்களில் முதுவரும் தமிழ்க் குடும்பத்தினரும் வாழ்கின்றனர். அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மா, இருளர் மொழியில் பாடிய திரைப்பாடலுக்காக 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதைப் பெற்றார். இம்மக்களின் பாடல்களில் பெரும்பாலானவை ஏட்டில் ஏறாதவை. முதியோரின் நினைவில் மட்டும் நிலைத்திருப்பவை. ஆசிரியர் ஒருவர் கிட்டாரை மீட்டியவாறு வகுப்பிற்குப் பாடல் பதிவு செய்வதற்கும், களப்பணியாளர் ஒருவர் மூதாட்டியின் பாட்டைப் பதிவு செய்வதற்கும் விதிகள் ஒன்றே.

அறையே முதற் சாதனம்

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. வெறுஞ்சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி, நேராக வரும் ஒலியுடன் கலந்து சொற்களை மழுங்கச் செய்யும். கம்பளம், பாய், தலையணை, துணி அலமாரி ஆகியன உள்ள சிறு அறையே ஏற்றது. பாடுபவரின் பின்புறம் தடித்த கம்பளி ஒன்றைத் தொங்கவிடுவதால் உண்டாகும் பயன், விலையுயர்ந்த மைக்கை வாங்குவதாலும் உண்டாவதில்லை. மூணாற்றின் தோட்ட லயங்களில் தகரக் கூரை மீது மழை பெய்யும்போது எந்தச் சாதனமும் பயன் தராது. மழை ஓய்ந்த வேளையைத் தேர்ந்து, மின்விசிறியையும் நிறுத்திவிடுதல் வேண்டும்.

மைக் வகைகள்

வீட்டு உபயோகத்திற்குரியவை பெரும்பாலும் இரு வகைப்படும். முதலாவது டைனமிக் வகை. இதில் சவ்வுடன் இணைந்த கம்பிச் சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. இது உறுதியானது, ஈரத்தையும் தாங்கும். உரத்த குரலுக்கும் சந்தடி மிக்க வீட்டிற்கும் இதுவே தக்கது.

இரண்டாவது கண்டென்சர் வகை. 1916-இல் அமெரிக்கரான வென்ட் உருவாக்கிய இவ்வகையில், மெல்லிய சவ்வும் அதன் பின்னுள்ள தகடும் சேர்ந்து மின்தேக்கியாக அமைகின்றன. சவ்வு இலேசாதலின் கிட்டார் நரம்புகளின் நுண்ணொலிகளையும் இது தெளிவாகப் பிடிக்கும். இதற்குப் பொதுவாக 48 வோல்ட் மின்னழுத்தம் தேவை. பதிவுச் சாதனமே கம்பி வழியாக அதனை அளிக்கும். ஈரம் புகுந்தால் இதில் இரைச்சல் தோன்றும். மழைநாடான மூணாற்றில் இதனைச் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வைத்தல் அவசியம். மழைமறைவிலுள்ள மறையூரில் அத்தொல்லை குறைவு.

அமைதியான அறை உடையவர் கண்டென்சரையும், அது வாய்க்காதவர் டைனமிக்கையும் தேர்க. எவ்வகையாயினும், முன்புற ஒலியை மிகுதியாகவும் பின்புற ஒலியைக் குறைவாகவும் ஏற்கும் இதயவடிவ மைக்கே சிறந்தது.

வைக்கும் இடம்

தூரம் இருமடங்கானால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. அறையின் எதிரொலியோ அவ்வளவு குறைவதில்லை. எனவே அண்மையில் வைக்க வேண்டும். கிட்டாரைத் தனியே பதிவு செய்கையில், கழுத்து உடலுடன் சேரும் இடத்திற்கு எதிரே 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் மைக் இருத்தல் நன்று. ஒலித்துளைக்கு நேராக வைப்பின், உள்ளிருக்கும் காற்றின் அதிர்வால் தாழ்ந்த ஒலி குமுறும்.

ஒருவரே பாடி மீட்டும்போது ஒரே மைக் போதும். வாய்க்கும் கிட்டாருக்கும் இடைப்பட்ட உயரத்தில், சுமார் அரை மீட்டர் தூரத்தில் அதனை வைத்து, மேலும் கீழும் நகர்த்திச் சமநிலை காணலாம். இரண்டு மைக்குகளைக் கலந்தால் ஒரு தொல்லை உண்டு. ஒரே ஒலி இரண்டையும் 17 சென்டிமீட்டர் தூர வேறுபாட்டுடன் அடையுமாயின், 1000 அதிர்வெண் கொண்ட அலைகள் ஒன்றையொன்று அழிக்க முற்பட்டுக் குரல் மெலியும். பாலக்காட்டுக் கணவாயின் பலத்த காற்றில், வெளியிடத்தில் பதிவு செய்வோர் மைக்கிற்குக் காற்றுத் தடுப்புறை இடுதல் வேண்டும்.

பதிவுச் சாதனம்

கணினி உள்ள வீட்டிற்கு, மைக்கையும் கணினியையும் இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் போதுமானது. ஊர் ஊராகச் செல்லும் களப்பணியாளருக்குப் பாட்டரியால் இயங்கும் கையடக்க ரெக்கார்டரே உகந்தது. மின்தடையும், மின் இணைப்பிலிருந்து வரும் 50 அதிர்வெண் முழக்கமும் அதனைப் பாதிப்பதில்லை. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில், சுருக்கப்படாத வேவ் கோப்பாகப் பதிவு செய்க. இரு தடங்களுக்கு ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் இடம் தேவைப்படும். ஒலியளவின் உச்சம், எல்லைக்கு 12 டெசிபல் கீழே நிற்கட்டும். எல்லை மீறிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க இயலாது.

பாதுகாத்தல்

காந்த நாடாப் பதிவுகளைக் குறித்து 2019-இல் யுனெஸ்கோ திட்டமொன்றும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் எச்சரிக்கை விடுத்தன. நாடா கெடாதிருப்பினும், அதனை ஒலிக்கச் செய்யும் இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் மறைந்து வருகின்றன என்பதே அதன் சாரம். இன்றைய கோப்புகளுக்கும் இந்நிலை நேரலாம். ஆதலின் மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை வேற்றிடத்தில் வைத்தல் வேண்டும். பாடியவரின் சம்மதத்தை முன்னரே பெற்று, அவர் பெயர், ஊர், மொழி, நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்தில் வாயாற் சொல்லிச் சேர்ப்பது நல்ல வழக்கம்.

கையிலுள்ள பணம் குறைவாயின், முதலில் கம்பளியும் உறுதியான தாங்கியும், அடுத்து ஒரு நல்ல மைக்கும் வாங்குக. ஏனையவை பின்னர் வரலாம். ஆசிரியர் பாடிய பாட்டைப் பழுது கண்டால் மறுநாள் திரும்பப் பாடிவிடலாம். மலையூர் மூதாட்டி மறுமுறையும் பாடுவார் என்று எண்ணியிருப்பதற்கில்லை.