அலமாரியில் ஆறு கேமரா, தோளில் ஒன்று

பிலிம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் திரியும் ஒருவரை நிறுத்தி, "இன்றைக்கு ஏன் இந்தக் கேமரா?" என்று கேட்டுப் பாருங்கள். லென்ஸின் கூர்மை, ஜெர்மன்காரனின் வேலைப்பாடு, இரும்பு உடம்பு என்று ஏதாவது பெருமையாகச் சொல்வார். பாதிப் பேர் வெளியில் சொல்லாத காரணம் ஒன்று உண்டு: போன மாதம் மாட்டிய ரோலில் இன்னும் 15 படம் மிச்சம் இருக்கிறது. அதை முடித்தால்தான் கழுவக் கொடுக்க முடியும்.

டிஜிட்டலில் மட்டுமே பழகியவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அங்கே வெளிச்சம் குறைந்தால் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொள்ளலாம், கலரில் எடுத்ததை வீட்டுக்கு வந்து கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொள்ளலாம். பிலிமில் ரோலை மாட்டும்போதே 36 படத்துக்கும் தலையெழுத்து எழுதியாகிவிட்டது. உள்ளே இருப்பது கறுப்பு வெள்ளை என்றால், வழியில் மாரியம்மன் கோயில் தேரே வந்தாலும் மஞ்சளும் குங்குமமும் சாம்பல்தான். அதனால்தான் இந்த வழியில் இறங்கியவர்கள் கலருக்கு ஒன்று, கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, இருட்டுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். வீட்டில் இருப்பவர்கள் இதைக் கிறுக்கு என்பார்கள். பாதி கிறுக்குதான், மீதி கணக்கு.

இந்தத் தொல்லைக்கு ஸ்வீடனில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1948-ல் வந்த ஹாசல்பிளாடில் பிலிம் இருக்கும் பின்பெட்டியையே தனியாகக் கழற்றலாம். நடுவில் ஒரு தகட்டைச் செருகிவிட்டுப் பாதி ரோலிலேயே கலரை எடுத்துக் கறுப்பு வெள்ளையை மாட்டலாம். ஒரு கேமரா, மூன்று பின்பெட்டி. விலையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் பழையபடி இரண்டு கேமராவோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள்.

அடுத்த கணக்கு வெளிச்சம். 'சன்னி 16' என்று பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. நல்ல வெயிலில் அபெர்ச்சரை 16-ல் வைத்தால், ஷட்டர் வேகம் பிலிமின் வேகத்தை ஒட்டி இருக்க வேண்டும். 400 பிலிம் என்றால் ஒரு விநாடியில் 500-ல் ஒரு பங்கு. பின்னணி கலங்கித் தெரியட்டும் என்று அபெர்ச்சரை 2.8 வரை திறந்தால், 16,000-ல் ஒரு பங்கு வேண்டியிருக்கும். 1954-ல் வந்த லைக்கா எம்3-யின் உச்ச வேகம் 1,000-ல் ஒரு பங்குதான். 1982-ன் நிக்கான் எஃப்எம்2 4,000-ல் ஒரு பங்கு வரை போகும். ஆக, சித்திரை மதியத்தில் 400 பிலிமோடு நிற்கும் லைக்காக்காரர் 11-ஐத் தாண்டித் திறக்க முடியாது, நிக்கான்காரர் 5.6 வரை போகலாம். பொழுது சாய்ந்தால் நிலைமை தலைகீழ். நிக்கானுக்குள் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கண்ணாடி மேலே எழும்பி அடிக்கும். மெதுவான வேகத்தில் அந்த அதிர்வு படத்தில் விழும். லைக்காவில் அந்தக் கண்ணாடி கிடையாது. கை நடுங்காதவர் 15-ல் ஒரு பங்கிலும் எடுப்பார், சத்தமும் கேட்காது. கச்சேரியில் ஆலாபனை நடக்கும்போது முன்வரிசையில் 'டப்' என்று அடிக்கும் கேமராவை எடுத்துப் போகிறவரை ரசிகர்கள் பார்க்கும் பார்வையே தனி.

பேட்டரியும் ஒரு வாக்குச் சீட்டு வைத்திருக்கிறது. 1976-ல் இரண்டு பிரபலமான கேமராக்கள் வந்தன. கேனான் ஏஇ-1-ல் பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அசையாது. பென்டாக்ஸ் கே1000-ல் தீர்ந்தால் மீட்டர் மட்டும்தான் போகும். வெளிச்சத்தைக் கண்ணால் கணித்து எடுத்துக்கொண்டே போகலாம். மலையேறுகிறவர்கள் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். இன்னொரு வகை இருக்கிறது: ஒலிம்பஸ் ஓஎம்-1 போல 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரியே இப்போது தயாரிப்பில் இல்லை. 1.5 வோல்ட் போட்டால் மீட்டர் தப்புக் கணக்குச் சொல்லும். காது கேட்கும் கருவிக்கான துத்தநாக பேட்டரி கிட்டத்தட்டச் சரியாக வரும், ஆனால் சீக்கிரம் தீரும். இந்த வித்தையெல்லாம் தெரிந்தவர்தான் ஓஎம்-1 எடுத்துக்கொண்டு வெளியூர் போவார்.

கடலோர ஊர்க்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு நியாயம்: அலமாரியிலேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், பழைய ஷட்டரின் எண்ணெய் இறுகி ஒரு விநாடி என்பது ஒன்றரை விநாடியாகும். அதனால் "இவனுக்குக் கொஞ்ச நாளாக வேலையே கொடுக்கவில்லை" என்று முறை வைத்து எடுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு இந்தக் காரணம் பிடிக்கும். லென்ஸ் பரிசோதனை முடிவுகளைப் படித்துவிட்டு எடுக்கும் முடிவைவிட இதில் மனுஷத்தனம் அதிகம்.

எடை பற்றி ஒரே ஒரு விஷயம். 35 மி.மீ. கேமரா பிறந்ததே எடைக் கணக்கில்தான். லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. தட்டுகளும் முக்காலியுமாகப் பெரிய கேமராவை மலைமேல் சுமக்க மூச்சு இடம் கொடுக்கவில்லை. சினிமாவுக்கான பிலிமைச் சின்னப் பெட்டிக்குள் போட்டுப் பார்த்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் அது விற்பனைக்கு வந்தது.

இத்தனை கணக்கும் போட்டு முடித்த பிறகும் அலமாரியில் இரண்டு மூன்று மிச்சம் நிற்கும். அந்தக் கடைசித் தேர்வைச் செய்வது, எதிரே இருப்பவர் முன்னால் நாம் எப்படி நிற்கப் போகிறோம் என்ற யோசனைதான். இது என் கட்சி. கேமரா முகத்தில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா, பக்கத்தில் முக்காலியில் இருக்கிறதா என்பதைப் பொறுத்துப் படத்தில் இருப்பவரின் முகம் மாறுகிறது.

காந்தியின் கடைசி வருடங்களை எடுத்துக்கொள்வோம். 1946-ல் லைஃப் பத்திரிகைக்காக மார்கரெட் போர்க்-ஒயிட் அவரைப் படம் எடுக்க வந்தார். முதலில் ராட்டை நூற்கக் கற்றுக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கற்றுக்கொண்டு வந்தார். அறை இருட்டு, காந்திக்கு ஃபிளாஷ் வெளிச்சம் ஆகாது. மூன்றே மூன்று பல்புக்கு அனுமதி கிடைத்தது. முதல் இரண்டும் வீணாயின. மூன்றாவதில் விழுந்த படம்தான் ராட்டைக்குப் பின்னால் காந்தி அமர்ந்து படித்துக்கொண்டிருக்கும் அந்தப் படம். கேமராவும் ஃபிளாஷுமாக அந்த அறைக்குள் நுழைவதென்பது மூன்றாவது ஆள் ஒருவரைக் கூடவே அழைத்துப் போவதைப் போல.

1948 ஜனவரியில் தில்லிக்கு வந்த ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வேறு விதமாக நுழைந்தார். 1932-லிருந்து அவர் கையில் லைக்கா. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே ஒன்று. பளபளக்கும் பாகங்களை மறைக்கக் கறுப்பு டேப். ஃபிளாஷ் அவருக்குப் பிடிக்காது. காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்பு அவரைச் சந்தித்து எடுத்தவர், பிறகு இறுதி ஊர்வலத்தையும் எடுத்தார்.   துக்கக் கூட்டத்துக்குள் ஒருவராகக் கலந்து நிற்க அந்தச் சின்ன லைக்காதான் தோது.

அதே தில்லியில், அதே காலத்தில், ஹோமாய் வியாரவாலா புடவை கட்டிக்கொண்டு ஸ்பீட் கிராஃபிக்கைத் தூக்கி அலைந்தார். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். மடிப்புத் துருத்தியும் பெரிய ஃபிளாஷ் கிண்ணமும் கொண்ட அந்தக் கேமராவில் ஒரு சட்டத்துக்கு இரண்டு தாள் பிலிம், பக்கத்துக்கு ஒன்று. ஒன்றை எடுத்ததும் திருப்பிப் போட வேண்டும், பல்பு மாற்ற வேண்டும். ஒளிந்து எடுக்கவே முடியாது. ஆனால் தலைவர்கள் கூடும் இடத்தில் ஒளிய வேண்டிய தேவை என்ன? அந்தக் கேமரா இருந்தால் 'பத்திரிகை வந்திருக்கிறது' என்று அர்த்தம், வழி விடுவார்கள்.

வயிற்றுக்கு வருவோம். ஒரு தலைமுறைக்கு முன் நம் ஊர்க் கல்யாணங்களில் ஸ்டூடியோக்காரர் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவுக்குள் குனிந்து பார்ப்பது நினைவிருக்கலாம். மணமக்களுக்குத் தெரிவது அவருடைய உச்சந்தலை மட்டும். அந்த வகைக்கு முன்னோடி 1929-ல் வந்த ரோலிஃபிளெக்ஸ். மேலே உள்ள கண்ணாடியில் காட்சி இடவலம் மாறித் தெரியும். பையன் வலப்பக்கம் ஓடினால் உள்ளே இடப்பக்கம் ஓடுவான். ஓட்டப்பந்தயத்துக்கு உதவாது. ஆனால் முறைத்துப் பார்க்கப்படுகிற கூச்சம் எதிரே இருப்பவருக்கு வராது. லென்ஸ் தாழ்ந்திருப்பதால் நிற்பவர்கள் கொஞ்சம் உயர்ந்து தெரிவார்கள், குழந்தைகள் நம் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். சிகாகோவில் ஆயாவாக வேலை பார்த்துக்கொண்டே தெருவில் படம் எடுத்த விவியன் மேயரின் பெரும்பாலான நல்ல படங்கள் இப்படி வயிற்றிலிருந்து எடுத்தவை. 2007-ல் ஏலத்துக்கு வந்த பெட்டிகளில்தான் அவை வெளிச்சத்துக்கு வந்தன. கடைக் கண்ணாடிகளில் தன்னையே அவர் எடுத்த படங்களில் ரோலிஃபிளெக்ஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: முகத்தை ஒருபோதும் மறைக்காது.

டயான் ஆர்பஸ் 1962 வாக்கில் 35 மி.மீ.யை விட்டு ரோலிஃபிளெக்ஸுக்கு மாறினார். துணியும் தோலும் தெளிவாகத் தெரிய வேண்டும், பிலிமின் மணல் தெரியக் கூடாது என்பது அவர் விருப்பம். கேமரா மாறியதும் ஆட்களும் மாறிவிட்டார்கள்: நேராக நின்று நம்மைப் பார்க்கத் தொடங்கினார்கள். நம் நாட்டில் தயாநிதா சிங் ஹாசல்பிளாடை வயிற்றோடு வைத்து எடுத்த சதுரப் படங்களிலும் அந்த நிதானம் இருக்கிறது.

மூன்றாவது நிலை, கேமராவுக்குப் பக்கத்தில் நிற்பது. ரிச்சர்ட் அவெடன் 1979 முதல் 1984 வரை அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் சுரங்கத் தொழிலாளிகளையும் நாடோடிகளையும் எடுத்தார். 8x10 அங்குல டியர்டார்ஃப் கேமரா, நிழலில் ஒட்டிய வெள்ளைத் தாள். ஃபோகஸ் பார்த்து முடித்ததும் லென்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார். எதிரே நிற்பவருக்கும் அவருக்கும் நடுவில் எதுவும் இல்லை. அந்த முகங்களில் நாம் பார்க்கும் இறுக்கம், கேமராவைப் பார்த்து வந்ததல்ல; அவெடனைப் பார்த்து வந்தது. அவர் எடுத்த முறை அவர்களுக்கு நியாயம் செய்ததா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

எத்தனை படம் எடுக்கலாம் என்பதும் இதோடு சேர்ந்ததே. 35 மி.மீ. ரோலில் 36, 120 ரோலில் சதுரமாக 12, 6x7 அளவில் 10, தாள் பிலிமில் ஒன்று. ராபர்ட் ஃபிராங்க் 1955-56ல் அமெரிக்காவைச் சுற்றி ஏறத்தாழ 27,000 படம் எடுத்து, புத்தகத்தில் 83 வைத்தார். கேரி வினோகிராண்ட் 1984-ல் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் சுமார் 2,500 கிடந்தன. இரண்டும் 8x10 கேமராவில் நடக்கிற காரியம் இல்லை. ஒரு கலர் ரோல் வாங்கிக் கழுவி ஸ்கேன் செய்வதற்குள் ஆயிரம் ரூபாய் தாண்டும் இந்தக் காலத்தில், ஒரு ரோலில் 72 அரைப் படம் தரும் கேமராவுக்கு மறுபடி மவுசு வந்திருப்பதில் ஆச்சரியமில்லை. ஒலிம்பஸ் பென் 1959-ல் செய்த அந்த வேலையை 2024-ல் பென்டாக்ஸ் 17 புதிதாகத் தொடங்கியது.

சில சமயம் முடிவு நம் கையிலேயே இருப்பதில்லை. செபஸ்தியோ சல்காடோ 'ஜெனிசிஸ்' படங்களுக்காக பென்டாக்ஸ் 645-ஓடு உலகம் சுற்றிக்கொண்டிருந்தார். விமான நிலையங்களில் எக்ஸ்ரே திரும்பத் திரும்பப் பட்டு பிலிம் கெட்டது. 2008-ல் டிஜிட்டலுக்குப் போய்விட்டார். இப்போதுள்ள சி.டி. ஸ்கேனர்கள் அதைவிடக் கடுமை. கழுவாத பிலிமில் ஒரே தடவையில் புகைமூட்டம் ஏற்றிவிடும். விமானம் ஏறுகிறவர்கள் கேமராவைக் காலியாக வைத்து, ரோல்களைத் தனிப் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி கேட்கிறார்கள்.

செக் நாட்டு யோசெஃப் கௌடல்காவுக்கு 1968 ஆகஸ்டில் தேர்ந்தெடுக்க நேரமே இல்லை. ருமேனியாவில் ஜிப்சிகளை எடுத்துவிட்டு அவர் பிராகுக்குத் திரும்பிய மறுநாள் சோவியத் டாங்கிகள் நுழைந்தன. கையில் இருந்தது கிழக்கு ஜெர்மனியின் எக்ஸாக்டா. ஷட்டர் பொத்தான் இடது கைக்கு. 25 மி.மீ. லென்ஸ், சினிமாவில் மிச்சமான பிலிம் துண்டுகள். அந்த அகன்ற லென்ஸால் கிட்டே போகாமல் ஒன்றும் எடுக்க முடியாது, போனார். படங்கள் நாட்டை விட்டு ரகசியமாக வெளியேறி, அவர் பெயர் இல்லாமல் அச்சாயின. அதே மனிதர் 1986-ல் பிரான்ஸின் நிலப்பரப்பைப் பதிவு செய்யும் அரசுப் பணிக்காகப் பனோரமா கேமராவைக் கையில் எடுத்தார். 6x17 அளவில் ஒரு 120 ரோலுக்கு 4 படம். அதற்குப் பிறகு அவருடைய படங்களில் மனிதர்கள் அரிதானார்கள். சுரங்கம் தோண்டிய மண், இடிபாடு, 2008-லிருந்து 2012 வரை இஸ்ரேல்-பாலஸ்தீனச் சுவர் என்று நீள நீளமாக எடுத்துக்கொண்டு போனார்.