கருவுக்குப் போடும் மார்க்

தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை 1990 ஆகஸ்டில், டாக்டர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் சென்னையில் பிறந்தபோது அது பெரிய செய்தி. இன்று தி.நகர், மயிலாப்பூர், அடையாறு பக்கம் ஐவிஎஃப் எனப்படும் அந்தச் சோதனைக்குழாய் சிகிச்சை அக்கம்பக்கத்தார் விசாரிக்கிற சாதாரண விஷயம். சிகிச்சைக்குப் போகும் தம்பதிகளின் கையில் ஒருநாள் ‘4ஏபி’ என்று எழுதிய ரிப்போர்ட் வந்து சேரும்.

ஐந்தாம் நாள் கருவை எம்ப்ரியாலஜிஸ்ட் என்ற கருவியல் நிபுணர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் போடும் கிரேடு அது. 4 என்றால் கரு நன்கு விரிந்து, மேலுறை மெலிந்துவிட்டது. அடுத்த எழுத்து, குழந்தையாக வளரப்போகும் செல்களுக்கு. கடைசி எழுத்து, நஞ்சுக்கொடியாகும் வெளி அடுக்குக்கு. டேவிட் கார்ட்னரும் வில்லியம் ஸ்கூல்கிராஃப்ட்டும் 1999இல் வெளியிட்ட முறை இது.

மார்க் தோற்றத்துக்குத்தான். ஒரே கருவுக்கு இரண்டு எம்ப்ரியாலஜிஸ்ட்கள் வேறுவேறு கிரேடு போடுவதுண்டு. மிக உயர்ந்த ‘ஏஏ’ வாங்கிய கருவிலும் குரோமோசோம் கோளாறு இருக்கலாம். பெண்ணின் வயது ஏற ஏற அந்த அபாயம் கூடும். தாழ்ந்த கிரேடான ‘பிசி’ கருவுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் அதிலிருந்தும் ஆரோக்கியமான குழந்தைகள் பிறக்கின்றன.

“கிரேடு சுமார்தான், ஒரு டெஸ்ட் செய்து பார்த்துவிடலாம்” என்ற பேச்சு வந்தால் பில் எகிறும். பிஜிடி-ஏ என்ற குரோமோசோம் பரிசோதனை, பெரும்பாலானவர்களுக்குக் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக நிரூபிக்கப்படவில்லை என்கிறது பிரிட்டனின் கருத்தரிப்பு ஒழுங்குமுறை ஆணையம். கருச்சிதைவைக் குறைக்க அது உதவலாம் என்றும் அதே ஆணையம் சொல்கிறது. யாருக்கு, எதற்காக என்று கேட்ட பிறகே கையெழுத்து.

கேட்பதற்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் அமலில் உள்ள செயற்கை முறைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கர்ப்ப அபாயம் எல்லாவற்றையும் மையம் முன்கூட்டியே விளக்கவேண்டும். எழுத்துபூர்வ சம்மதமின்றி எந்தச் சிகிச்சையும் கூடாது. கருவை உறையவைக்கவும் தனிச் சம்மதம் வேண்டும். கர்ப்பப்பையில் கருவை வைக்கும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். முடிவில், செய்த சிகிச்சையின் விவரத்தோடு டிஸ்சார்ஜ் சான்றிதழ் தரவேண்டும். ஆணா பெண்ணா என்று கருவைப் பொறுக்கித் தருவது குற்றம்.

சிகிச்சை பலிக்கவில்லை என்பது மட்டும் அலட்சியம் ஆகாது. விவரத்தை மறைத்தது, சம்மதமின்றிச் செய்தது போன்றவை வேறு கதை. முதலில் மையத்திலேயே இருக்கவேண்டிய குறைதீர் பிரிவில் எழுத்தில் புகார் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ள வேண்டும். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; கட்டணம் வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வக்கீல் இல்லாமலே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கெடு இரண்டு ஆண்டு. வழிகாட்டுதலுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. மனுவோடு கிரேடு ரிப்போர்ட், சம்மதப் படிவம், ரசீதுகளின் நகல்களையும் இணைக்கவேண்டும்.