சாய்விருக்கைத் துவிச்சக்கர வண்டியும் அதன் ஆக்கமும்

துவிச்சக்கர வண்டி எனும்போது யாவர் மனக்கண்முன்னும் ஒரே வடிவமே தோன்றும். ஒத்த அளவினவாய இரு சில்லுகள்; அவற்றிடையே முக்கோணங்களாய் இணைந்த குழாய்ச் சட்டம்; அதன் உச்சியில் ஒடுங்கியதோர் இருக்கை; அதன்மேல் முன்னோக்கிக் குனிந்த மனிதன். 1885ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கொவென்றி நகரில் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் ஆக்கிய ‘றோவர்’ வண்டிக்குப் பின் இவ்வடிவம் அடிப்படையில் மாறியதில்லை. இதனினும் சிறந்ததொரு வடிவம் இல்லாமையே அதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்துவதன்று. சாய்மனைக் கதிரையில் இருப்பான் போல முதுகைச் சாய்த்து, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் வண்டியொன்று 1933ஆம் ஆண்டிலேயே அதனை வேகத்தில் வென்றது. மறு ஆண்டிலே விதியொன்றினால் விலக்கப்பட்டது. அதன்பின் அவ்வண்டியை மறக்கவிடாது காத்தவர்கள் பெரும்பாலும் தம் வீட்டுக் கொட்டில்களிலே பழைய குழாய்களை அறுத்தும் ஒட்டியும் உழைத்தவர்களே. அதன் தத்துவமும் வீட்டிலே அதனை ஆக்கும் முறையும் ஈண்டு விளக்கப்படும்.

சமதரையிலே வண்டி மிதிப்பவனை எதிர்ப்பவை சிறப்பாக இரண்டு. சில்லு தரையில் உருளுதலால் எழும் தடை ஒன்று. வளியின் தடை மற்றொன்று. வேகம் குறைந்தவிடத்து முன்னதும் பொருட்படுத்தத் தக்கதே. வேகம் ஏற ஏறப் பின்னதே மேலோங்கும். வளித்தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளரும். அதனை வெல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்தைப் பொறுத்து வளரும். வேகம் இருமடங்காயின் தடை நான்கு மடங்காகும். வலு எட்டு மடங்காகும். சிறப்புப் பயிற்சி பெறாத சுகதேகி ஒருவன் நீண்ட நேரம் இடைவிடாது கொடுக்கக்கூடிய வலு ஏறத்தாழ 75 முதல் 100 உவாற்று வரையே. அஃதாவது பத்திலொரு பரிவலுவைச் சிறிதே கடந்தது. இச்சிறு முதலின் பெரும்பகுதியை வளியை விலக்குவதிலேயே அவன் செலவிட நேர்கின்றது. நிமிர்ந்திருப்பவனது மார்பும் வயிறும் பலகைபோல் வளியை எதிர்கொள்ளுகின்றன. அவனே சாய்ந்து கால்களை முன்னே நீட்டுவானாயின், கால்களின் பின்னே உடல் மறைகின்றது. எதிர்கொள்ளும் பரப்புச் சுருங்குகின்றது. சட்டத்தின் நிறையில் அரை இறாத்தல் குறைத்தற்குப் பெரும்பொருள் கொடுப்போர், தம் உடலே வளிக்குப் பெருந்தடையாய் நிற்றலை எண்ணுவது அரிது.

இவ்வுண்மையைச் செய்கையிற் காட்டியவர் பிரான்சு தேசத்துச் சார்ள் மொஷே என்பார். பாரிஸ் நகரை அடுத்த பியூத்தோவிலே சிறு மோட்டார் வண்டிகளைச் செய்துவந்த அவர், தம் மகன் ஜோர்ஜுக்காகக் காலால் மிதித்தோட்டும் நாற்சில்லு வண்டியொன்றை ஆக்கினார். துவிச்சக்கர வண்டி பிள்ளைக்கு ஆபத்தானது எனத் தாய் அஞ்சியதே அதற்கு ஏதுவாயிற்று என்பர். அவ்விளையாட்டு வண்டியின் வேகம் தந்தையையே வியப்பில் ஆழ்த்தியது. அதிலிருந்து வளர்ந்தது வளர்ந்தோர் இருவர் அமர்ந்து மிதிக்கும் ‘வெலோகார்’. நாற்சில்லு வண்டி வேகமாய்ச் செல்லும்போது வளைவுகளில் உறுதி குன்றியது. ஆகவே அதனை நெடுக்காக இரண்டாகப் பிளந்தாற்போன்ற இருசில்லு வண்டியொன்றை மொஷே வகுத்தார். அதில் ஏறியவர் பிரான்சிஸ் ஃபோர் என்னும் ஓட்டவீரர். அவர் அக்காலத்து முதல் வரிசை வீரருள் ஒருவரல்லர். எனினும் 1933ஆம் ஆண்டு யூலை 7ஆம் நாள், பாரிஸ் நகரத்து ஓட்டரங்கிலே, ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீற்றர் தூரம் ஓடினார். 1914 முதல் நிலைபெற்றிருந்த ஒஸ்கார் எக் என்பாரது 44.247 கிலோமீற்றரை அது 808 மீற்றரால் விஞ்சியது.

சாதனை நிகழ்ந்துவிட்டது, ஆனால் நிகழ்ந்தது துவிச்சக்கர வண்டியிலா என்னும் வினா எழுந்தது. சர்வதேசத் துவிச்சக்கர வண்டிச் சங்கம் 1934இல் அவ்வினாவுக்கு விடை கூறியது. மிதி அச்சும் இருக்கையும் ஒன்றற்கொன்று எந்நிலையில் அமைதல் வேண்டும் என்பதைச் சங்கம் அளவிட்டு வரையறுத்தது. சாய்விருக்கை வண்டி அவ்வரையறையின் புறத்தே நின்றது. அவ்வாண்டிலேயே மொஷேயும் மறைந்தார். போட்டிகளில் மனிதனின் ஆற்றலையே அளத்தல் வேண்டும், கருவியின் திறத்தையன்று என்னும் நியாயம் ஒருவாறு ஏற்கத்தக்கதே. ஆயினும் போட்டியில் இடமில்லாத வண்டியைத் தொழிற்சாலைகள் பெரிதும் நாடவில்லை. பொதுமக்கள் அதனைக் காணும் வாய்ப்பையும் இழந்தனர். போட்டிக்கு வகுத்த விதி கடைத்தெருவையும் ஆண்டது.

மீண்டும் இவ்வண்டி தலையெடுத்தது 1970களில், அமெரிக்காவிலே. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்துப் பேராசிரியர் டேவிட் கோர்டன் வில்சன் கூறிய யோசனைகளைக்கொண்டு, கலிபோர்ணியாவின் பேர்க்லி நகரத்து பிரெட் வில்கி என்பார் தாமே வண்டியொன்றைக் கட்டினார். முதல் வண்டியிலே குறைகள் இருந்தன, இரண்டாவது கட்டப்பட்டது. அதனை வில்சன் வாங்கி, ஓட்டி, மாற்றி அமைத்தார். அம்முயற்சியின் வழியிலேயே ‘அவதார் 2000’ என்னும் நெடிய வண்டி விற்பனைக்கு வந்தது. 1976இல் மனித வலு வண்டிகளுக்கெனத் தனிச் சங்கமும் தோன்றியது. கூடுபோன்ற உறையுள் அடங்கிய சாய்விருக்கை வண்டியில் 2016ஆம் ஆண்டு பிரான்செஸ்கோ றூஸ்ஸோ ஒரு மணி நேரத்தில் 92 கிலோமீற்றரைக் கடந்தார். வழக்கமான வண்டியிலே 2022இல் பிலிப்போ கன்னா நிலைநாட்டிய சாதனை 56.792 கிலோமீற்றர்.

இனி, ஆக்கும் முறை. வழக்கமான வண்டியைக் கட்டுவோன் சட்டத்திலிருந்து தொடங்குவான். சாய்விருக்கை வண்டியைக் கட்டுவோனோ மனிதனிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஓட்டப்போகின்றவனைச் சுவரிலே முதுகு பொருந்த நிலத்தில் இருத்திக் கால்களை நீட்டச்செய்து, சுவரிலிருந்து உள்ளங்கால் வரையுள்ள தூரத்தை அளத்தல் வேண்டும். இருக்கைக்கும் மிதிதண்டின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் இவ்வளவிலிருந்தே பெறப்படும். அடுத்து, சீமெந்துத் தரையிலே வெண்கட்டியால் வண்டியை அதன் உண்மை அளவில் வரைதல் நன்று. தொடையையும் கீழ்க்காலையும் தடித்த அட்டையில் வெட்டி, முழங்கால் மூட்டில் ஆணியிட்டு, வரைபடத்தின்மேல் வைத்து மிதிதண்டைச் சுற்றிச் சுழற்றிப் பார்த்தால், முழங்கால் கைபிடியில் இடிக்குமா, குதிக்கால் முன்சில்லில் உரசுமா என்பன இரும்பை அறுக்குமுன்னரே புலனாகும்.

முன்சில்லை எங்கே வைப்பது என்பதே அடுத்த வினா. மிதிகளுக்கு முன்னே வைத்தால் வண்டி நீளும். ஓட்டம் அமைதியாக இருக்கும். குறுகிய ஒழுங்கையிலே திருப்புதல் கடினம். மிதிகளுக்குப் பின்னே, தொடையின் கீழ் வைத்தால் வண்டி குறுகும். ஆனால் திருப்பும்போது கால் சில்லில் உரசக்கூடும். முன் பிறேக்கைக் கடுமையாகப் பிடித்தால் பின்சில்லு தரையை விட்டு எழவுங்கூடும். முதன்முறை கட்டுவோனுக்கு நெடிய வகையே தக்கது. முன்சில்லுக்குச் சிறுவர் வண்டியின் 20 அங்குலச் சில்லு போதும். திருப்பும் அச்சின் கோட்டைக் கீழே நீட்டினால், அது சில்லு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே தரையைத் தொடுதல் வேண்டும். இன்றேல் வண்டி நேரே செல்ல மறுக்கும். ஆகவே முன்கவரையும் அதன் கழுத்துக் குழாயையும் ஒரே பழைய வண்டியிலிருந்து எடுத்து, முன்னிருந்த சரிவிலேயே பொருத்துவது அறிவுடைமை. கைபிடி கவருக்குத் தொலைவில் அமையுமாதலின், மூட்டுகளையுடைய தண்டொன்றினால் இரண்டையும் இணைக்க நேரும். அம்மூட்டுகளில் ஆட்டம் சிறிதும் இருத்தலாகாது.

சட்டத்தின் பின்முக்கோணத்தைப் பழைய வண்டியொன்றிலிருந்து அவ்வாறே அறுத்தெடுக்கலாம். நடுவிலுள்ள நெடிய உருக்குக் குழாயே புதிதாக வேண்டியது. அதன் உறுதியிலே சிக்கனம் கூடாது. நிமிர்ந்து மிதிப்பவன் கைபிடியைப் பற்றி இழுத்தாலன்றித் தன் நிறைக்கு மேற்பட்ட விசையை மிதியிலே செலுத்த முடியாது. சாய்ந்திருப்பவனோ முதுகை இருக்கையில் ஊன்றி, சுவரை உதைப்பவன்போல் அதனினும் மிகுந்த விசையைத் தரக்கூடும். குழாய் மெலிதாயின் அவ்விசையின் ஒரு பகுதி குழாயை வளைப்பதிலேயே கழியும். முழங்காலும் நோகும், ஆதலால் இலகுவான பற்சில்லைக்கொண்டு விரைந்து மிதிக்கப் பழகுதலே முறை. மேட்டிலே எழுந்துநின்று மிதிக்க இயலாமையும் இதனையே வேண்டிநிற்கும்.

சங்கிலி மிக நீண்டது. இரண்டு மூன்று சங்கிலிகளைத் தொடுத்தே அதனைப் பெறுதல் வேண்டும். இருக்கையின் கீழே அதனைச் செலுத்த இடையிலே உருளை வேண்டப்படும். மேற்பக்கச் சங்கிலியே விசையைத் தாங்குவது. அதனை இயன்றவரை நேராக விட்டு, வளைக்க நேரின் பற்களும் நல்ல குண்டுத்தாங்கியும் உள்ள உருளையைப் பொருத்துதல் வேண்டும். கீழ்ப்பக்கம் தளர்ந்து திரும்புவது. எளிய உருளையே அதற்குப் போதும். பிறர் கட்டிய வண்டி பாரமாய் ஓடுகின்றது என்று குறைகூறுவோர் முதலில் நோக்கவேண்டிய இடம் இவ்வுருளையே.

ஓட்டப் பழகுதலிலும் ஓர் இடர் உண்டு. நீண்ட கோலொன்றை உள்ளங்கையில் நிறுத்துவது எளிது. பென்சிலை நிறுத்துவது அரிது. குட்டையானது விரைந்து சாயும். நிலத்தை அண்டிய வண்டியும் அத்தகையதே. மெல்லச் செல்லும்போது அது தடுமாறும். தாழ்ந்திருத்தலால் வீழ்ச்சியில் அடி குறைவு. ஆனால் பெருந்தெருவிலே பார ஊர்திச் சாரதியின் கண்ணில் அது எளிதிற் படாது. உயர்ந்த கொடியொன்றும் பின்விளக்கும் அதற்கு இன்றியமையாதன.

முதல் ஓட்டத்துக்கு ஏற்றது ஆளரவமற்ற மைதானத்தின் மெல்லிய சரிவு. மிதியில் கால் வையாது, கால்களைத் தரையை ஒட்டி நீட்டியபடி வண்டியை உருளவிட்டு, பிறேக்குகளைச் சோதித்த பின்னரே மிதித்தல் தகும். சில நாள் ஓடியபின் ஒவ்வோர் ஒட்டையும் துடைத்து, மயிரிழை வெடிப்பேனும் உளதா என நோக்குதல் வேண்டும். இருக்கையும் அதுவரை இருமுறையேனும் இடம்மாற நேரும். வர்ணம் வெடிப்பை மறைக்குமாதலின், இவையெல்லாம் முடியுமுன் வண்டிக்கு வர்ணம் பூசலாகாது.